முதலாளி திட்டினால் நம்ம ஆளு

கோலா சிலாங்கூர்
12-2-51

அன்பு மச்சான் நஜ்முதீன் அவர்களுக்கு, ஹபீபுல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் நாயன் கிருபையில் நான் சுகம். நீங்களும் தங்கச்சி ஹமீதாவும் பிள்ளைகளும் சுகமா? கலும்பாங் பக்கம் பட்டாளமும் காட்டுக் கம்யூனிஸ்ட்காரங்களும் மறுபடியும் சுட்டுக்கிட்டாங்கன்னு லோரிக்காரன் சொன்னான். கடையை நேரத்தோட அடைச்சிட்டு வீட்டுக்குள்ள இருங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், உட்கார்ந்து படிங்க. நம்ம கமர் லெவன் பந்தாட்டக் குழுவுக்குக் கோச்சா இருந்த முருகையா மாஸ்டர் போன மாசம் ஊருக்குக் கப்பல் ஏறிட்டார். எங்க துணிக்கடை முதலாளி சீனி முகம்மது புது ஆள் தேடுறார். குழு அவரோடது, பந்து, சட்டை, பூட்ஸ் எல்லாம் அவர் செலவு, அதனால முடிவும் அவரோடதுதான். நேத்து மேட்ச் முடிஞ்சு கிளப்பில் டீ பார்ட்டி. போலீஸ் இன்ஸ்பெக்டர், தோட்டத்துக் கிராணிமார் எல்லாரும் இருக்காங்க. முதலாளி மைக்கைப் பிடிச்சார்.

"கலும்பாங்கில நஜ்முதீன்னு ஒருத்தன். போன வருஷம் தோட்டத்துப் பயல்களை வச்சுக்கிட்டு நம்மளைத் தோக்கடிச்சானே, அவன்தான். அவனைக் கொண்டு வாங்கன்னு சில பேர் என் காதைக் கடிக்கிறாங்க. தேத்தண்ணி ஆத்துறவனுக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்? கோட்டோரம் நின்னு மாட்டைத் தொலைச்சவன் மாதிரி கத்துவான், அவ்வளவுதான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சது. எனக்கோ சந்தோஷம் தாங்கல. முகத்தைச் சுளிக்காதீங்க மச்சான், உங்களுக்கு எங்க கடை வழக்கம் தெரியாது. முதலாளி ஒருத்தனைத் திட்டினார்னா அவன் அவருக்கு வீட்டுப் பிள்ளை. "நீங்க, வாங்க"ன்னு மரியாதை கொடுத்தார்னா அவன் பெட்டியைக் கட்டிக்க வேண்டியதுதான். பழைய கணக்கப்பிள்ளையை அத்தனை பேர் முன்னாடி "இவர் நம்ம கடைக்குக் கிடைச்ச பொக்கிஷம்"னு சொன்னார். அந்த வெள்ளிக்கிழமையே மனுஷன் பெட்டியோட பஸ் ஏறிட்டார். என்னை எடுத்துக்குங்க. ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியிருந்து இங்கதான் கிடக்கேன். கழுதை, எருமை, தண்டச்சோறு, இதைத் தவிர வேற பேர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆனா கடைச் சாவி யார் இடுப்பில் இருக்கு?

உங்களைத்தான் மனசில் வச்சிருக்கார். கொஞ்சம் பொறுங்க.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ.
ஹபீபுல்லா


கலும்பாங்
26-2-51

மச்சான் ஹபீபுல்லாவுக்கு நஜ்முதீன் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம், சின்னவளுக்கு மட்டும் சளி. உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன்.

மாட்டைத் தொலைச்சவன்னு சொன்னது கொஞ்சம் குத்தத்தான் செஞ்சது, உங்ககிட்ட மறைப்பானேன். ஆனா நீங்க அவர் பக்கத்திலேயே இருக்கிறவர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஹமீதாதான் கேட்கிறா, "திட்டினா எப்படி வேலை கொடுப்பாங்க?"ன்னு. அவளுக்குக் கடை வழக்கம் என்ன தெரியும்.

இங்க யாவாரம் படுத்துக்கிச்சு மச்சான். ஆறு மணிக்குக் கர்பியூ. தேத்தண்ணிக் கடைக்கு ஆறு மணிக்கு மேலதானே யாவாரம்! பால் டின்னை விக்கிறப்பவே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கணுமாம், காட்டில இருக்கிறவனுக்குப் போயிடக் கூடாதாம். ஓட்டை போட்ட டின்னை எந்தப் பொம்பளை வீட்டுக்குக் கொண்டு போவா? தோட்டத்துப் பயல்களுக்கும் முந்தி மாதிரி பிராக்டீஸ் இல்லை. நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிடுறான். வேலை மேய்க்கிற மண்டோர் வீரன் நல்லவர், ஞாயித்துக்கிழமை மட்டும் கம்பி வேலிக்குள்ளேயே விளையாட விடுறார்.

பந்துன்னா எனக்குப் பைத்தியம்னு உங்களுக்குத் தெரியும். தூக்கத்தில் காலை உதைக்கிறேன்னு உங்க தங்கச்சி தனியாப் பாய் போட்டுக்கிறா. ஒரு நல்ல திடல், ஒழுங்கா வர்ற பதினோரு பயல்கள், அது போதும் எனக்கு. முதலாளி அடுத்தது என்ன பேசினாலும் ஒரு வார்த்தை விடாம எழுதுங்க.

உங்க உடம்பைப் பார்த்துக்குங்க.
நஜ்முதீன்


கோலா சிலாங்கூர்
9-4-51

அன்பு மச்சானுக்கு ஸலாம். சின்னவளுக்குச் சளி விட்டதா? ஊரிலிருந்து என் வீட்டுக்காரி பரீதா கடிதம் போட்டிருந்தா. உம்மாவுக்கு முழங்கால் வலியாம். மத்தபடி சுகம்.

பத்திரிகையை வெட்டி உள்ளே வச்சிருக்கேன், பாருங்க. நிருபர்கிட்ட முதலாளி சொன்னது: "கோலாலம்பூர் திரு. சிவானந்தம் அவர்கள் பந்தாட்ட நுட்பம் கற்றவர்கள். அவர்கள் இசைந்தால் அது எங்கள் குழுவின் பாக்கியம். நம் வட்டாரத்தில் கூச்சல் போடுகிறவர்கள் உண்டு, பயிற்சியாளர்கள் இல்லை."

படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. சிவானந்தத்துக்கு எத்தனை "அவர்கள்", எண்ணிப் பாருங்க! ஆள் அவுட். முட்டி வரைக்கும் காலுறை போட்டுக்கிட்டு வந்து போறாரே, அவரைப் பக்குவமா வாசலுக்கு அனுப்புறார் முதலாளி. கூச்சல் போடுகிறவர்னா யாரு? நீங்கதான். பேர் சொல்லாமலே மாசக்கணக்கா உங்களை மனசில் சுமக்கிறார்.

இன்னொண்ணும் சொல்றேன். அவர் துணி வியாபாரி. வாங்கப் போற துணியை எந்த வியாபாரியாவது புகழ்வானா? சாயம் போகும்பான், நூல் இழுக்கும்பான். கடைசியில் முழுத் துணிக்கட்டையும் அவனேதான் தூக்கிட்டுப் போவான். நீங்க சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுடக் கூடாதேன்னு இப்பவே விலையைக் குறைக்கிறார்.

நேத்து கடைக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். யாருக்குன்னு வாயே திறக்கல. சிவானந்தத்துக்குக் கோலாலம்பூரில் சொந்த வீடு இருக்கு, அவருக்கு எதுக்கு அறை? ஜன்னல் ஆத்துப் பக்கம் மச்சான். நல்ல காத்து. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஹபீபுல்லா


கலும்பாங்
30-4-51

கூடப்பிறந்த ஹபீபுல்லா காக்காவுக்கு ஹமீதா ஸலாம். சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? உம்மாவுக்கு நானும் எழுதியிருக்கேன்.

இதை அவருக்குத் தெரியாமத்தான் எழுதுறேன். கோவிச்சுக்காதீங்க. உங்க கடிதம் வந்ததிலிருந்து அவர் கால் தரையில் இல்லை. கடையை வாங்கக் கேட்கிற சன்னாசிங்கிறவருக்கு விட்டுடலாம்னு பேச்சு நடக்குது. கடையோட லைசென்ஸும் போயிடும் காக்கா. இந்தக் காலத்தில் உணவுக் கடைக்குப் புது லைசென்ஸ் யார் கொடுக்கிறா? வாடகை வீடும் கடையோட சேர்ந்ததுதான். அதை விட்டா நாங்க தெருவில்தான்.

நீங்க முதலாளிகிட்ட வாய்விட்டுக் கேட்டீங்களா? "என் தங்கச்சி மாப்பிள்ளையை எடுப்பீங்களா, மாட்டீங்களா?"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அவர் மனசில் இருக்கு, பேச்சில் இருக்குன்னு எழுதுறீங்களே, நீங்க கேட்டதா ஒரு வரியும் காணோமே. கேட்டு எழுதுங்க காக்கா. அது வரைக்கும் இவரை நான் எப்படியாவது பிடிச்சு வைக்கிறேன்.

ஹமீதா


கோலா சிலாங்கூர்
18-6-51

தங்கச்சி ஹமீதாவுக்கு காக்கா ஸலாம். நோன்பெல்லாம் நல்லபடியா போகுதா? பதில் போட இத்தனை நாளாச்சேன்னு நினைச்சுக்காதே. கடையில் பெருநாள் துணி யாவாரம், மூச்சு விட நேரமில்லை.

நீ கேட்டது சரிதான். ஆனா முதலாளிகிட்ட நேரா போய்க் கேட்கிற வழக்கம் எங்க கடையில் கிடையாது. கேட்டா, "என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு ஆயிடும். குறிப்பறிஞ்சு நடந்துக்கணும். முந்தாநாள் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிறப்ப என் கை தட்டிக் கஞ்சி கொட்டிருச்சு. முதலாளி, "இந்த எருமைக்கு நோன்புக் கஞ்சி ஒரு கேடா!"ன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். ஜமாஅத்தே சிரிச்சது. நானும் சிரிச்சேன். அந்நியன்னா அப்படிப் பேசுவாரா? அவருக்கும் எனக்கும் உள்ள உரிமை அது. அவர் மனசு எனக்குத் தெரியாதா தங்கச்சி?

பெருநாள் கழிச்சுக் கட்டாயம் கேட்கிறேன். மச்சானை அவசரப்பட வேண்டாம்னு சொல்லு. ஆனா மனசைத் தளர விட வேண்டாம்னும் சொல்லு.

ஹபீபுல்லா


கலும்பாங்
12-7-51

மச்சானுக்குப் பெருநாள் வாழ்த்தும் ஸலாமும். பிள்ளைகளுக்கு நீங்க அனுப்பின துணி கிடைச்சது. பெரியவன் அதைக் கழட்டவே மாட்டேங்கிறான்.

கடையைச் சன்னாசிக்குக் கொடுத்தாச்சு! லைசென்ஸை அவர் பேருக்கு மாத்தியாச்சு. ஹமீதா ரெண்டு நாள் பேசல, பிறகு அவளே பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிச்சிட்டா. சன்னாசி நல்ல மனுஷன், மாசக் கடைசி வரைக்கும் வீட்டில இருந்துக்குங்க பாய்ங்கிறார். இடம் மாறிப் போறதுக்குப் போலீஸில் எழுதி வாங்கணும், அதுவும் முடிஞ்சது. எங்க போறேன்னு சார்ஜன்ட் கேட்டான். "கமர் லெவன் கோச்"னேன். எழுந்து நின்னு கை கொடுத்தான் மச்சான்!

தோட்டத்துப் பயல்கள் வேலிக்குள்ளேயே ஒரு தேத்தண்ணி விருந்து வச்சாங்க. செல்லன், நம்ம கோல்கீப்பர், ஏங்கி ஏங்கி அழுதான். எனக்கும் அடக்க முடியல.

முதல்ல நான் மட்டும் பெட்டியோட வர்றேன். இருபத்தி ரெண்டாம் தேதி ஞாயிறு, பத்தாங் பெர்ஜுந்தாய் வழியா வர்ற லோரியில். முதலாளியை நேரில் பார்த்து ஸலாம் சொல்லணும். என்ன திட்டு திட்டப் போறாரோ, வாங்கிக்கத் தயார்.

நஜ்முதீன்


கோலா சிலாங்கூர்
19-7-51

அன்பு மச்சானுக்கு ஸலாம். நான் சுகம்.

ஒரு வாரம் பொறுத்துப் புறப்படுங்க. பெரிசா ஒண்ணுமில்லை. சிவானந்தம் வந்திருக்கார். வெள்ளையடிச்ச அந்தப் பின்னறையில் தங்கியிருக்கார், விருந்தாளின்னு நினைக்கிறேன். திடலில் வச்சு முதலாளி அவருக்கு மாலை போட்டார். மாலை மரியாதைதானே, மரியாதையைப் பத்தி உங்களுக்கு முன்னாடியே எழுதியிருக்கேன். பயல்களை அவர் ஓட வச்சுப் பார்க்கிறார், அதுவும் சும்மா ஒரு பார்வைக்குத்தான் இருக்கும்.

முதலாளிகிட்ட ரெண்டு தடவை வாயெடுத்தேன். கடையில் ஆள் இருந்தது.

லோரி ஏற வேண்டாம் மச்சான். நான் எழுதுற வரைக்கும் வேண்டாம்.

ஹபீபுல்லா


கலும்பாங்
6-8-51

காக்காவுக்கு ஹமீதா எழுதுவது. எல்லாரும் உயிரோட இருக்கோம்.

நீங்க போட்ட கடிதம் அவர் லோரி ஏறின மறுநாள் வந்தது. அங்க என்ன நடந்ததுன்னு நான் கேட்கவே இல்லை. பத்து நாள் சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தார். நேத்துதான் சொன்னார், அதுவும் பிள்ளைகள் தூங்கின பிறகு.

கடை வாசலில் பெட்டியை இறக்கிட்டு ஸலாம் சொன்னாராம். முதலாளி கல்லாவில் இருந்தாராம், பக்கத்து நாற்காலியில் அந்தச் சிவானந்தம். "யாருடா இது? கலும்பாங் தேத்தண்ணியா? என்னப்பா, ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்திருக்கியா, கோச் சாருக்கு ஒரு கிளாஸ் ஊத்து"ன்னாராம். கடையே சிரிச்சுதாம். நீங்க துணி அடுக்கு மேல ஏணியில் நின்னுக்கிட்டு இருந்தீங்களாம். இவர் உங்களைப் பார்த்தாராம்.

நீங்களும் சிரிச்சீங்களாம் காக்கா.

முதலாளியை இவர் ஒரு சொல் குறை சொல்லல. தன்னைக் கோச்சா எடுக்காததும் பெரிசில்லையாம். "மச்சானும் சிரிச்சார் ஹமீதா"ன்னு அதை மட்டும் ரெண்டு தரம் சொன்னார். இவரை உங்க மச்சான்னு அங்க ஒருத்தருக்கும் சொல்லல நீங்க. இறங்கி வந்து பெட்டியில் ஒரு கை கூட வைக்கல. தானே தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருக்கார்.

இப்ப எங்க கடையிலேயே கிளாஸ் கழுவுறார். சன்னாசி வேலை கொடுத்திருக்கார், வீட்டிலும் இருக்க விட்டிருக்கார். இன்னமும் பாய் பாய்னு மரியாதையாத்தான் கூப்பிடுறார். அதுதான் இவருக்குத் தாங்கல. ஞாயித்துக்கிழமை வேலிப் பக்கம் போறதையும் விட்டுட்டார். கை கொடுத்த சார்ஜன்ட் தேத்தண்ணி குடிக்க வந்தா, பின்கட்டுக்குப் போயிடுறார்.

நான் கேட்கச் சொன்னேனே காக்கா. ஒரு வார்த்தைதானே.

ஹமீதா


கோலா சிலாங்கூர்
15-8-51

தங்கச்சிக்கு ஸலாம். எனக்கு நாலு நாளா ஜுரம், அதனால் சுருக்கமா எழுதுறேன். நடந்தது நடந்துபோச்சு. அன்னைக்குக் கடையில் ஒரே கூட்டம். நான் ஏணியில் இருந்தேன், கீழே பேசினது சரியாக் காதில் விழல. சிரிச்சேனான்னு எனக்கு ஞாபகமில்லை.

மச்சானுக்கு ரெண்டு கைலியும் உனக்கு ஒரு சேலையும் பார்சலில் அனுப்பியிருக்கேன். முதலாளிகிட்ட இன்னும் வழி இருக்கலாம். சிவானந்தத்தை நேத்து "அவர்கள்"னு சொல்லாம வெறும் "சிவானந்தம்"னார், கவனிச்சேன்.

ஹபீபுல்லா


கலும்பாங்
27-8-51

மச்சானுக்கு நஜ்முதீன் ஸலாம். ஜுரம் தேவலையா? பார்சல் திரும்பி வரும், தப்பா எடுத்துக்க வேண்டாம். ஹமீதா பிரிக்கவே விடல.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். முதலாளி என்ன பேசினார்னு இனிமே எனக்கு எழுதாதீங்க.

நஜ்முதீன்


கோலா சிலாங்கூர்
10-9-51

மச்சான் நஜ்முதீன் அவர்களுக்கும் தங்கச்சிக்கும் ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரணும்னு நினைச்சேன். உங்க முகத்தில் முழிக்கத் தெம்பில்லை, அதனால் எழுதுறேன்.

முதலாளி பேசினதை எழுத வேண்டாம்னு சொன்னீங்க. மன்னிச்சுக்குங்க, இந்த ஒரு தடவை எழுதித்தான் ஆகணும். இதில் நான் அர்த்தம் எதுவும் சொல்லப் போறதில்லை.

முதல்ல இது. நான் சிரிச்சேன். ஞாபகமில்லைன்னு எழுதினது பொய், ஜுரமும் பொய். நீங்க நிமிர்ந்து பார்த்தது தெரிஞ்சது. பார்த்துக்கிட்டேதான் சிரிச்சேன். அவர் யாரைத் திட்டினாலும் சிரிச்சுச் சிரிச்சு என் வாய்க்கு அது பழகிப்போச்சு மச்சான்.

பார்சல் திரும்பி வந்த அன்னைக்கு அஸர் தொழுதுட்டு வந்து முதலாளி முன்னாடி நின்னேன். "நஜ்முதீன் என் தங்கச்சி மாப்பிள்ளை"ன்னேன். "தெரியும், அதுக்கென்ன?"ன்னார்.

"மைக்கில அவரை அப்படிப் பேசினீங்களே, அவரை எடுக்கத்தான்னு நினைச்சேன். கடையை விட்டுட்டு வந்துட்டார்."

என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "திட்டினா எடுப்பாங்கன்னு எவன்டா சொன்னான் உனக்கு? மனசில் இருந்ததைத்தான் மைக்கில சொன்னேன். பேப்பர்லயும் சொன்னேன். இதுக்கு மேல எப்படிடா சொல்றது?"

"அப்ப பழைய கணக்கப்பிள்ளை?"

"அவர் கெட்டிக்காரர். கிள்ளானில் சொந்தமாக் கடை வைக்கப் போனார். எனக்கு அழுகையே வந்தது. அதுக்கென்ன இப்ப?"

அதோட வந்திருக்கலாம் நான். வரல. "என்னைத் திட்டுறீங்களே முதலாளி, அது?"ன்னேன்.

"நீ பார்க்கிற வேலைக்குத் திட்டாம கொஞ்சச் சொல்றியா? உங்க வாப்பா முகத்துக்காகத்தான் வச்சிருக்கேன்."

இடுப்பில் இருந்த கடைச் சாவியைத் தொட்டுக் காட்டினேன். வேற என்ன காட்டுறதுன்னு தெரியல. "கடையில் படுக்கிறவன்கிட்டதானேடா சாவி இருக்கும்?"னார். கோபமாச் சொல்லல மச்சான். தேத்தண்ணி வேணுமான்னு கேட்கிற மாதிரி சாதாரணமாச் சொன்னார். அப்புறம் கைலிக் கட்டை எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வச்சேன்.

ஊரில் பரீதாகிட்டயும் உம்மாகிட்டயும் முதலாளி என்னைப் பிள்ளை மாதிரி வச்சிருக்கார்னு எழுதி எழுதி எத்தனை வருஷம்! அவர் கழுதைன்னு சொன்னதெல்லாம் பாசம்னு நான் சேர்த்து வச்சிருந்தேன். அது பாசம் இல்லைன்னு எனக்குள்ள எங்கேயோ தெரிஞ்சுதான் இருந்திருக்கு. அதனாலதான் தங்கச்சி கேட்கச் சொன்னப்ப கேட்கல. உங்களைப் பத்திக் கேட்டா, என்னைப் பத்தியும் பதில் வந்துடும்னு பயம். அந்தப் பயத்துக்கு உங்க கடையைக் கொடுத்துட்டேன் மச்சான்.

இந்தக் கடையை விட்டுப் போற தைரியம் இன்னும் வரல. அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன். இன்னைக்குக் காலையிலும் எருமைன்னார். பக்கத்தில் இருந்தவன் சிரிச்சான். நான் துணியைப் பார்த்துக்கிட்டு நின்னேன், காதெல்லாம் எரிஞ்சது.

ஹமீதாவையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நல்லா வைக்கணும். எனக்குப் பதில் போட வேண்டாம். போட்டா, திட்டி எழுதுங்க மச்சான். திட்டுன்னா திட்டுதான்னு எனக்கு இப்பப் புரியும்.

வஸ்ஸலாம்.
ஹபீபுல்லா